சாத்திய சன்னல்களும் மலைக் குளிரும்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் அடங்கிவிடும் கேமரன் மலைக்குக் குளிர்காலம் என்று தனியே ஒரு பருவம் கிடையாது; ஆனாலும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் மார்கழி பஜனையும் கிறிஸ்துமசும் பொங்கலும் அடுத்தடுத்து வரும் வாரங்களில், பகாங் மாநிலத்தின் இந்த மேட்டு நிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கம்பளிகளை எடுத்து உதறிப் போர்த்திக்கொண்டு, பொழுது சாய்வதற்கு முன்பே சன்னல்களைச் சாத்திவிடுகின்றன. தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் அதைவிட உயரம். இங்கே பகலும் இரவும் சேர்ந்த சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். இரவில் 14, 15 பாகைக்கு இறங்குவது வழக்கம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் இந்த மலைக்கே உரியது: 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 பாகை.

ஐரோப்பியக் குளிரோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் அற்பமானவை என்று தோன்றலாம். உண்மையில், நல்ல உடல்நிலையில் இருப்பவரைத் தானாக வீழ்த்தும் வலிமை இந்தக் குளிருக்கு இல்லை. விடுமுறை நாட்களில் வீட்டுக்குள் நேரும் தீங்குகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை குளிரைக் காட்டிலும் குளிரை வெளியே நிறுத்த மனிதர் கையாளும் வழிகளால் வருபவை என்பது தெரியும்: சாத்திய அறைக்குள் வைத்த கரிக்கனல், காற்றோட்டம் இல்லாததால் சுவரில் படரும் பூஞ்சணம், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீர், உடம்பைச் சூடாக்கும் என்ற நம்பிக்கையில் குடிக்கும் மது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்தான மலைச்சரிவு, கதவைச் சாத்திக்கொண்டு உறங்குபவர்களுக்குத் தெரியாமலேயே வீட்டின் பின்பக்கத்தில் உருவாகிறது.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமை உடையவை. ஜே. ஏ. ரசல் 1929இல் தொடங்கிய போ தோட்டமும், 1933இல் தொடங்கிய பாரத் குழுமத்தின் தோட்டமும், வடக்கே கம்போங் ராஜாவை ஒட்டிய புளூ வேலியும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் எழுந்தவை. தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டித் தரப்பட்ட லயத்து வீடுகளில் பழையவை பெரும்பாலும் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. பகலில் வெயில் பட்டால் சூடேறி, இரவில் அந்தச் சூட்டை மிக விரைவாக இழந்துவிடும் கட்டுமானம் அது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டி, குளிர் மாதங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வெப்பம் இருப்பது நல்லது என்கிறது. மிதவெப்ப நாடுகளையும் குளிர் நாடுகளையும் எண்ணி எழுதப்பட்ட அளவுதான் அது. என்றாலும் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கணப்போ சூடேற்றியோ இல்லாத ஒரு லயத்து அறை டிசம்பர் மாத இரவுகளில் அதற்குக் கீழேதான் நிற்கும். வெப்ப நாடு என்று பெயரெடுத்த மலேசியாவில் வீட்டுக் குளிரைப் பற்றி யாரும் பேசாததற்கு அந்தப் பெயரே காரணமாகியிருக்கிறது.

இந்த மிதமான குளிரும் சிலருக்கு மிதமானதன்று. உடல் குளிரும்போது தோலுக்கு அடியிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காப்பதற்காக உடல் செய்யும் இந்த ஏற்பாட்டால் இரத்த அழுத்தம் உயர்கிறது. மலேசிய சுகாதார அமைச்சு 2023இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருக்கின்றன. எனவே மார்கழி விடியலில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போவதற்காகவும், தைப்பூச விரதம் காப்பதற்காகவும், பச்சைத் தண்ணீரை எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றிக்கொள்ளும் முதியவர் ஒருவர், ஏற்கெனவே விடியற்காலையில் இயல்பாக உயர்ந்திருக்கும் தம் இரத்த அழுத்தத்தை இன்னும் ஏற்றிக்கொள்கிறார். விரதத்தை விட வேண்டும் என்பதில்லை. காலிலிருந்து தொடங்கி மெல்ல மேலே நனைப்பதும், வெதுவெதுப்பான நீரைச் சேர்த்துக்கொள்வதும், உண்ணாநோன்பு என்பதற்காக மாத்திரையையும் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்வதும் போதும். நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. இரவில் கால் சில்லிடுகிறது என்று வெந்நீர்ப் பையை வைத்து உறங்குபவருக்குச் சூடு உறைக்காது. காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே சுட்டது தெரியவரும், அந்தக் கொப்புளம் ஆறாப் புண்ணாக மாறவும் கூடும். அத்தகையவருக்குக் கம்பளிக் காலுறையே பாதுகாப்பானது.

எல்லாவற்றிலும் மிகக் குறைவாக அறியப்பட்டதும் மிக விரைவில் கொல்வதும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. விறகு, கரி, எரிவாயு, பெட்ரோல் என எதுவானாலும், போதிய உயிர்வாயு கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது இவ்வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கும் குணமுமில்லை. இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற புரதம், உயிர்வாயுவைப் பற்றிக்கொள்வதைப் போல இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் அறையின் காற்றில் இது சிறிதளவே கலந்திருந்தாலும் சில மணி நேரத்தில் மூளையும் இதயமும் உயிர்வாயு இன்றித் தவிக்கத் தொடங்குகின்றன. புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனன்று கொண்டிருக்கும் கரிதான் மிக ஆபத்தானது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். புகை இருந்தால் இருமல் வந்து மனிதர் எழுந்து வெளியே போவார். புகையற்ற கனலோ இதமாக இருக்கும், உறக்கத்தை வரவழைக்கும், அந்த உறக்கத்திலிருந்து எழ விடாது.

இத்தகைய இறப்புகள் தமிழர் வாழும் மலைகளுக்குப் புதியவையல்ல. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற திருச்சிப் பகுதி இளைஞர்கள் இருவர், இறைச்சி சுடப் பயன்படுத்திய கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துவிட்டு உறங்கி, விடிவதற்குள் உயிரிழந்தார்கள். கேமரன் மலையிலும் அதே சூழ்நிலை உருவாவதற்கு வேண்டிய எல்லாப் பொருள்களும் இருக்கின்றன. ஸ்டீம்போட் என்ற கொதிசாற்று விருந்து இந்த மலையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. விடுமுறைக்கு வந்த உறவினர் கூட்டம் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் கரியடுப்பையோ கையடக்க எரிவாயு அடுப்பையோ வைத்து, வெளியே மழை பெய்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு, கீரையும் மீன் உருண்டையும் கொதிக்கும் சாற்றில் போட்டு மணிக்கணக்கில் உண்பது வழக்கமாகியிருக்கிறது. விருந்து நடக்கும் அறையில் எதிரெதிராக இரண்டு சன்னல்களாவது திறந்திருக்க வேண்டும். கரியடுப்பாக இருந்தால் அது வெளித் திண்ணையில்தான் இருக்க வேண்டும். கையடக்க அடுப்பின் மீது அதன் அளவை மீறிய அகலப் பாத்திரத்தை வைத்தால், பாத்திரத்திலிருந்து கீழே திரும்பும் அனல் பக்கத்திலேயே செருகியிருக்கும் எரிவாயுக் குப்பியைச் சூடேற்றி வெடிக்க வைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விறகடுப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. கவ்வாத்துச் செய்யும்போது வெட்டி விழும் தேயிலைக் கிளைகள் காய்ந்தால் நன்றாக எரியும், அனலும் நிலைத்து நிற்கும். குளிர்நாட்களில் வெந்நீர் வைப்பதற்கு அதைவிட மலிவான எரிபொருள் இல்லை. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பு எரியும்போது கதவு திறந்திருப்பதும், எரித்து முடித்தபின் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைப்பதும், கனல் உள்ள சட்டியைப் படுக்கையறைக்கு எடுத்துச் செல்லாதிருப்பதும் தவறக்கூடாத விதிகள்.

இதில் தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சிளங் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியபின், தலைமுடி உலரவும் சளி பிடிக்காதிருக்கவும் கரிக்கனலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவது பாட்டிமார்கள் வழிவழியாகச் செய்துவருவது. தமிழ்நாட்டுச் சமவெளியில், காற்றோடும் முற்றத்தில் சில நொடிகள் செய்யப்பட்ட அதே செயல், கேமரன் மலையில் குழந்தைக்குக் குளிர் படக்கூடாது என்ற அக்கறையால் சாத்திய அறைக்குள் நடக்கும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடுவது. அதே அறையின் கெட்ட காற்றை அது தன் எடைக்குப் பெரியவரைவிடக் கூடுதலாக உள்ளிழுக்கிறது. மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்து, தலைக்குப் பருத்திக் குல்லாய் போட்டு, தாயின் மார்போடு அணைத்துக்கொள்வதே குழந்தையின் சூட்டைக் காக்கப் போதுமானது. மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கி அழற்சி உண்டாக்க வழி செய்யும். கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேய்க்கக் கூடாது. பாட்டியிடம் இதைச் சொல்வது எளிதன்று என்பது தெரிந்ததே. ஆனால் சாம்பிராணி வாசம் வேண்டுமென்றால், குழந்தை இல்லாத நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்துப் புகை போடுவதில் யாருக்கும் தடையில்லை.

ஒரே வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்து, காய்ச்சல் மட்டும் இல்லை என்றால், விருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இவ்வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து, அடுப்பை அணைத்து, 999 எண்ணை அழைப்பதே முதல் வேலை. கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைக்கப்பட்ட, விரல் நுனியில் மாட்டும் உயிர்வாயு அளவி இங்கே ஏமாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அக்கருவி உயிர்வாயு ஒட்டியதாகவே எண்ணிக்கொள்வதால், உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் 98, 99 என்று காட்டும். சாதாரணக் காற்றை மூச்சாக எடுத்தால் இரத்தத்திலுள்ள இவ்வாயுவில் பாதி வெளியேறுவதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாகத் தூய உயிர்வாயு கொடுத்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கும். வெளியே வந்ததும் தெளிந்துவிட்டது என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

உடனே கொல்லாமல், மாதக்கணக்கில் வாட்டுவது ஈரம். கேமரன் மலையின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். இதோடு ஒரு குடும்பம் விடும் மூச்சும், கொதிக்கும் பானையின் ஆவியும், மழையால் கூடத்தில் கட்டிய கொடியில் தொங்கும் துணிகளின் ஈரமும் சேர்ந்து, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகக் கசிகின்றன. கட்டிலுக்குப் பின்னாலும் அலமாரியின் முதுகிலும் கரும்புள்ளிகளாகத் தொடங்கும் பூஞ்சணம் அந்த நீரைக் குடித்தே வளர்கிறது. தலையணையிலும் மெத்தையிலும் குடியிருந்து, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும் தூசிச் சிற்றுண்ணி என்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் ஈரமான வீட்டில்தான் பெருகும். இவ்விரண்டும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைத் தூண்டக்கூடியவை. ஆண்டு முழுவதும் மடித்து வைத்திருந்த கம்பளியை விருந்தினருக்கு எடுத்துக் கொடுத்த இரவில் அந்த வீட்டுப் பிள்ளைக்கோ வந்த பிள்ளைக்கோ மூச்சு இழுப்பது தற்செயலன்று. விடுமுறைக்குச் சில நாட்கள் முன்பே போர்வைகளைச் சூடான நீரில் துவைத்து, வெயிலில் முழுமையாகக் காயவைத்துவிடுவது மருந்துக்கு நிகரான ஏற்பாடு. முற்பகலில் வெயில் எட்டிப் பார்க்கும் ஒன்றிரண்டு மணி நேரமாவது சன்னல்களை முழுவதும் திறந்துவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிவைத்தால் ஈரம் வெளியேறும். பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அதன் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுப்பதே முறை.

மூடிய அறையில் ஒருவரின் இருமல் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். மலேசியாவில் சளிக்காய்ச்சல் எனப்படும் இன்புளுவென்சா ஆண்டு முழுவதும் இருப்பது; 2025 அக்டோபரில் அது பள்ளிகளில் பரவியபோது ஏறத்தாழ 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் மலைக்கு வரும் விடுமுறை நாட்கள் அந்தக் கிருமிக்கும் பயண நாட்களே. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைக் குளிரின் மேல் பழிபோட்டுக் கசாயத்திலேயே காலம் கடத்துவது வேறு வகை ஆபத்து. காசநோய் நெருக்கமான குடியிருப்புகளில் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது, அதற்கான சளிப் பரிசோதனையை அரசாங்க கிளினிக்கில் செய்துகொள்ளலாம்.

வெந்நீரைப் பற்றிய ஒரு மலைநாட்டு உண்மை பலருக்கு வியப்பளிக்கும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், பிரிஞ்சாங்கில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவது இதனால்தான். கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு தாராளமாகப் போதும். தோலைச் சுடவும் போதும். 60 பாகை நீரே ஐந்து நொடிகளில் ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும் என்பதால், வாளியில் முதலில் குளிர்ந்த நீரை நிரப்பி, அதன் பிறகே வெந்நீரைச் சேர்க்க வேண்டும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வெந்நீர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. சுட்டுவிட்டால், மோதிரமும் காப்பும் கழற்றிவிட்டு, குழாய் நீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். மலேசிய வீடுகளில் இன்றும் தீப்புண்ணில் கருப்புக் கிச்சாப் ஊற்றுவோரும் பற்பசை தடவுவோரும் இருக்கிறார்கள். இரண்டும் சூட்டை உள்ளேயே அடைத்து, மருத்துவர் புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடியாமல் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதில்லை. குளியலறையில் மின் சூடேற்றி பொருத்தியிருந்தால், மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அதற்கென்று தனியாக, 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே செயல்படுவதாக இருக்க வேண்டும் என்பது மலேசிய மின் விதிகள் கேட்பது. அந்தக் கருவியில் ‘டெஸ்ட்’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்தி, விசை விழுகிறதா என்று பார்ப்பதற்கு மின்பணியாளர் தேவையில்லை.

மதுவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குடித்தவுடன் உடம்பு சூடாவதாகத் தோன்றுவது தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் உணர்வு. உண்மையில் அந்த விரிவின் வழியாக உடலின் உள்வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும். மழையில் நனைந்த உடையோடு, குடித்துவிட்டு, திறந்த இடத்தில் உறங்கிப்போகிறவருக்கு 15 பாகைக் குளிரே போதும், உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும் ஆபத்தான நிலை உண்டாக. மலிவு விலைச் சாராயம் இன்னும் மோசம்: 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மது பலரின் உயிரைக் குடித்தது.

நோய் வந்தால் மருத்துவமனைக்குப் போய்க்கொள்ளலாம் என்ற எண்ணம் விடுமுறை நாட்களில் கேமரன் மலைக்குப் பொருந்தாது. நாடே மலையேறி வரும் அந்த வாரங்களில், பிரிஞ்சாங்குக்கும் கியா பார்ம் சந்தைக்கும் இடையிலான சாலையில் வாகனங்கள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது ஆண்டுதோறும் நடப்பது. தோட்டத்துக்குள் போகும் சாலைகளோ ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுடையவை. தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இந்த மலைக்குரியது. பெரிய சிகிச்சை வேண்டுமானால் நோயாளி மலையிறங்க வேண்டும். ஆகவே அழுத்த மாத்திரையும் இன்சுலினும் இழுப்புக்கான குழல் மருந்தும் இரண்டு வாரங்களுக்குப் போதுமான அளவு விடுமுறை தொடங்குவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். நெஞ்சுவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று பொறுத்திருக்காமல் நள்ளிரவாயினும் உடனே அழைத்துவிட வேண்டும். மேற்சொன்ன நெரிசலைக் கணக்கில் எடுத்தால், இரவின் காலியான சாலை நோயாளிக்கு ஒரு வாய்ப்பே.

இனி மண்ணைப் பற்றி. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைத் தீபகற்பத்தின் மேல் கொட்டுகிறது. கேமரன் மலையில் அதற்கு முன்பே, அக்டோபர் மாதத்திலேயே, பெருமழை தொடங்கிவிடும். இந்த மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது என்றாலும், வெப்பமும் மழையும் காலங்காலமாகத் தாக்கியதால் மேற்பகுதிக் கல் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து மண்ணாகிவிட்டது. நாள்கணக்கில் பெய்யும் மழையில் அந்த மண்ணின் இடுக்குகள் நீரால் நிறைந்து, துகள்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்து, ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் தன் எடையைத் தாங்க முடியாமல் இறங்குகிறது. அடர்ந்த தேயிலைச் செடி மண்ணை ஓரளவு மூடிக் காக்கும். தேயிலையையோ காட்டையோ அழித்து, பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டமாக மாற்றிய சரிவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரிடத்தில் குவிந்து பாய்கிறது. 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழையில் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு நவம்பர் 5 அன்று அதே பகுதியிலும் ரிங்லெட்டிலும் சேற்று வெள்ளம் வந்தது. வரைமுறையற்ற நில அழிப்பே இவற்றுக்குப் பெரும் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அந்தப் பேச்சுக்குப் பின்னும் பிளாஸ்டிக் கூரைகள் மலையைவிட்டு மறையவில்லை.

2022 டிசம்பர் 16 அன்று, பள்ளி விடுமுறையின்போது, சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 26 அன்று கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில், தொழிலாளர் தங்கியிருந்த குடியிருப்பின் மேல் சரிந்த மண் மியன்மாரைச் சேர்ந்த ஐவரின் உயிரைப் பறித்தது. இரண்டுமே உறங்கும் நேரத்தில், விடிவதற்கு முன் நடந்தவை. இங்கேதான் சாத்திய சன்னல் இன்னொரு வகையில் குறுக்கே நிற்கிறது. சரிவு பெரும்பாலும் சில அறிகுறிகளைக் காட்டிவிட்டே வருகிறது: தரையிலும் படிக்கட்டிலும் புதிய வெடிப்பு, நேற்று வரை எளிதாகச் சாத்திய கதவு இன்று சட்டத்தில் இறுகுவது, வேலிக்காலும் மின்கம்பமும் சாய்வது, தாங்குசுவர் வயிறு தள்ளுவது, தெளிவாக ஓடிய சுனை திடீரென்று செந்நிறமாகக் கலங்குவது அல்லது அப்படியே நின்றுபோவது. மழை விட்ட நேரத்தில் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்க்காதவருக்கு இவை எதுவும் கண்ணில் படாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. அந்த நாட்களில் சரிவை ஒட்டிய பின்னறையில் யாரும் உறங்காமல், சரிவுக்கு எதிர்ப்பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொள்வது பணச் செலவில்லாத பாதுகாப்பு. அடையாள அட்டை, மருந்து, கைவிளக்கு, பிள்ளைக்கு ஒரு செட் உடை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வாசலருகே வைப்பதும் அவ்வாறே. மரம் முறியும் ஓசையோ பாறை உருளும் முழக்கமோ கேட்டால் பொருள்களுக்காகத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடையின் போக்கிலும் சரிவின் போக்கிலும் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டை நோக்கிப் போக வேண்டும்.

தோட்ட வீடு குடியிருப்பவருக்குச் சொந்தமானதன்று என்பதால், தாங்குசுவரைப் பழுதுபார்ப்பதும் அடைபட்ட வடிகாலைத் தூர்வாருவதும் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டங்களில் தங்குமிடம் கொடுக்கும் முதலாளியின் மேல் அந்த வீடுகளைத் தக்க நிலையில் வைத்திருக்கும் கடமையைச் சுமத்துகிறது. 2019இல் திருத்தப்பட்டு மற்றத் தொழில்துறைகளுக்கும் அது விரிக்கப்பட்டது. சுவர் வெடிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து, தேதியோடு நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, பிரதியைக் கையில் வைத்துக்கொள்வது வாய்மொழியாகக் கிராணியிடம் சொல்லிவிட்டு வருவதைவிடப் பயனுள்ளது. இன்றைய தேயிலைத் தோட்டங்களில் தமிழரோடு வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். மலாயில் வரும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த தமிழ்க் குடும்பம் பக்கத்து லயத்துக் கதவையும் தட்டிச் சொல்வது அவசியம்.

தற்காலிக நிவாரண மையத்திலிருந்து வீடு திரும்புவதற்கும் ஒரு முறை உண்டு. முதற்சரிவு நடந்த இடத்தில் அடுத்த மழையிலேயே இரண்டாவது சரிவு வரக்கூடும் என்பதால், அதிகாரிகள் அனுமதிக்கும் வரை, ஆடு கோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுகூட யாரும் போகக் கூடாது. திரும்பியதும் முதலில் வாசலில் நின்று எரிவாயு மணம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கி நிற்கும், ஒரு விளக்கு விசையின் சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். மணம் இருந்தால் எந்த விசையையும் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறித் தீயணைப்பு மீட்புப் படையை, மக்கள் வாய்மொழியில் பொம்பாவை, அழைக்க வேண்டும். சேறு புகுந்த வீட்டில் மின் இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளர் சோதிக்கும் வரை முதன்மை விசை அணைந்தே இருக்கட்டும். கலங்கி வரும் குழாய் நீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்த பிறகே குடிக்கலாம். சேற்றை அள்ளும்போது முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து தோலிலுள்ள கீறல் வழியாக உடலுக்குள் புகும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு வாரங்கள் கழித்தே தலைகாட்டும் என்பதால், அப்போது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.